கீபோர்டு வாங்கப் போறீங்களா? முதல்ல கட்டையை அழுத்திப் பாருங்க!

பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு வாத்தியம் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, கையில் பணம் சேர்ந்ததும் கீபோர்டு வாங்கிக் கொடுக்கிற வீடுகள் இப்போது நிறைய. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஒரு தடவை ஒன்றும் தெரியாமல் வாங்கினோம். அடுத்த தடவை கொஞ்சம் தெரிந்துகொண்டு வாங்கினோம். இந்த இரண்டுக்கும் நடுவில் என் மகள் அழுத அழுகை இன்னொரு வீட்டில் வேண்டாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் பாளையங்கோட்டையில் இருக்கும் இல்லத்தரசி. என்னவர் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, மகள் ஏழாம் வகுப்பு. மாமியாரும் எங்களோடுதான். சின்ன வயதில் நான் ஆர்மோனியம் ஒன்றரை வருஷம் கற்றுக்கொண்டவள். கல்யாணத்தோடு அது நின்றுபோனது. அந்த ஆசைதான் மகளுக்கு 2021-ல் கீபோர்டு வாங்கச் சொன்னது என்று வைத்துக்கொள்ளுங்களேன். 61 கட்டை உள்ள, எடை குறைந்த, பளபளப்பான கீபோர்டு. பக்கத்துத் தெருவிலேயே கீபோர்டு வகுப்பு. மூன்று வருஷத்தில் சினிமா பாட்டு, கிறிஸ்துமஸ் பாட்டு எல்லாம் வாசித்து, வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் உட்கார வைத்துவிடுவாள்.

2024-ல் வகுப்பு மாஸ்டர், "பியானோ கிரேடு எழுதட்டும், சர்டிபிகேட் கிடைக்கும்" என்றார். பணம் கட்டினோம். தேர்வுக்கு முன்னால் ஒத்திகை பார்க்க ஒரு பள்ளிக்கூட ஹாலுக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே நிஜமான மரப் பியானோ. அதுவரை என் மகள் அப்படி ஒன்றைத் தொட்டதில்லை.

வாசிக்க ஆரம்பித்தாள். வீட்டில் நூறு தடவை கேட்ட அதே பாட்டு. ஆனால் நடுநடுவே ஸ்வரத்தையே காணோம். பல் விழுந்த குழந்தை பேசுகிற மாதிரி ஓட்டை ஓட்டையாக வருகிறது. முக்கியமாக இடது கை மோதிர விரலும் சுண்டு விரலும் போகும் இடமெல்லாம் மௌனம். கட்டை கீழே போகிறது, சத்தம் வரவில்லை. பாதியிலேயே நிறுத்திவிட்டு என் மடியில் வந்து விழுந்தாள். "அம்மா, கட்டை எல்லாம் கல்லு மாதிரி இருக்கும்மா. நான் சரியாத்தான் வாசிச்சேன்" என்று ஒரே அழுகை. மாஸ்டர், "போகப் போகச் சரியாயிடும்" என்றார். போகப் போக என்ன, தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. பெயரைத் திரும்பப் பெற்றோம். கட்டின பணம் கட்டினதுதான்.

பிறகு விசாரித்ததில் ஒரு விஷயம் தெரிந்தது. இதை முதலிலேயே தெரிந்துகொள்ளாதது என் தப்பு. டிரினிட்டி காலேஜ் லண்டன் தேர்வுகளில் பியானோ வேறு, எலக்ட்ரானிக் கீபோர்டு வேறு. இரண்டுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம். என் மகள் படித்தது கீபோர்டு, எழுதப் போனது பியானோ! சமையலறையில் சமைத்துப் பழகினவளைக் கல்யாண வீட்டு அண்டா முன்னால் நிறுத்தின கதை. ஏபிஆர்எஸ்எம் என்கிற இன்னொரு தேர்வு அமைப்பு, டிஜிட்டல் பியானோவில் வாசிக்கலாம் என்கிறது. ஆனால் கட்டைகள் முழு அளவில், எடையுள்ளவையாக இருக்க வேண்டும், பெடலும் இருக்க வேண்டும் என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

'எடையுள்ள கட்டை' என்ற வார்த்தையை அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறேன்.

மகளை வேறு ஒரு டீச்சரிடம் சேர்த்தோம். பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் தாத்தா காலத்துப் பியானோ வைத்திருக்கிறார். எங்கள் வீட்டுக்கு வந்து, எங்கள் கீபோர்டில் ஒற்றை விரலால் நாலு கட்டை அழுத்திப் பார்த்தார். "இது நல்ல கீபோர்டுதாம்மா. கெட்டுப் போகலை, ஏமாத்தலை. ஆனா பியானோ கத்துக்க இது உதவாது. வெயிட்டட் கீ உள்ளதா ஒண்ணு பாருங்க" என்றார்.

அந்த நேரம் பார்த்து எனக்கு ஐம்பதாயிரம் ரூபாய்ச் சீட்டு விழுந்தது. ஃபிரிட்ஜ் மாற்ற வேண்டும் என்று சேர்த்தது. (அந்த பழைய ஃபிரிட்ஜ் இன்னும் 'உர்ர்' என்று சத்தம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறது.) இந்தச் சமயத்தில் மகன் வந்து நின்றான். லேப்டாப்பில் பாட்டு கம்போஸ் பண்ணுகிறானாம். அவனுக்கும் ஒரு கீபோர்டு வேண்டுமாம். "எனக்கு செமி வெயிட்டட் போதும்மா, 61 கட்டை, அதைப் பைக்ல வச்சு ஃபிரெண்டு வீட்டுக்குக் கொண்டு போகலாம்" என்றான். இருக்கிற பணத்தில் ஒன்றுதான் வாங்க முடியும். ஒருத்திக்கு வெயிட்டட், ஒருத்தனுக்கு செமி வெயிட்டட். நடுவில் நான்.

மதுரையில் ஒரு இசைக்கருவிக் கடைக்கு நானும் பிள்ளைகளும் பஸ்ஸில் போனோம். கடைப் பையன் கெட்டிக்காரன். எங்கள் சண்டையை இரண்டு நிமிஷத்தில் புரிந்துகொண்டு, "அக்கா, செமி வெயிட்டட்ல 88 கட்டை எடுத்துக்கோங்க. இது ரெண்டுக்கும் நடுவுல. தங்கச்சி பியானோவும் வாசிக்கலாம், தம்பி கம்ப்யூட்டர்லயும் மாட்டிக்கலாம்" என்றான். விலையும் குறைவு. பெட்டியைத் தூக்கிக் காட்டினான், லேசாக இருந்தது. எனக்கு மனசு அங்கேயே சாய்ந்துவிட்டது. இரண்டு பிள்ளைக்கும் ஒரே சட்டை தைக்கிற துணி கிடைத்தால் எந்த அம்மா விடுவாள்?

ஆனாலும் ஒரு சந்தேகம். கட்டைக்கு எடை என்கிறார்களே, அதை நாமே அளந்து பார்த்தால் என்ன? பர்ஸில் பத்து ரூபாய் நாணயங்கள் இருந்தன. ஒரு நாணயம் ஏழே முக்கால் கிராம் இருக்கும். வெயிட்டட் பியானோவின் நடுக் கட்டையின் நுனியில் ஒவ்வொன்றாக அடுக்கினேன். (கடையில் இருந்த எல்லோரும் என்னையே பார்த்தார்கள். காய்கறிக் கடையில் தராசைச் சந்தேகப்படுகிறவளுக்கு இதெல்லாம் ஒரு வெட்கமா?) எட்டாவது நாணயம் வைத்ததும் கட்டை மெதுவாக இறங்கிற்று. செமி வெயிட்டட் கட்டையிலும் அதே மாதிரி அடுக்கினேன். அதுவும் கிட்டத்தட்ட எட்டில்தான் அசைந்தது!

"பாத்தீங்களா, ரெண்டும் ஒண்ணுதான்" என்றான் மகன். ஒன்றுதான் என்றால் இருபதாயிரம் ரூபாய் எதற்குக் கூடுதல்? குழப்பத்தோடு ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தோம். "பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு, வாங்கின பொருள் பூஜ்யம்" என்று என்னவர் கணக்கு எழுதினார்.

மறுநாள் டீச்சரிடம் போய் நாணயக் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "நீங்க பண்ணினது தப்பே இல்லைம்மா. பியானோ செய்யறவங்களும் இப்படித்தான் எடைக்கல் வச்சுப் பார்ப்பாங்க. நடுக் கட்டைக்கு ஐம்பது கிராம் சுமாருக்கு வைப்பாங்க. ஆனா ஒண்ணு சொல்லுங்க, எட்டாவது காசு வச்சப்புறம் ரெண்டு கட்டையும் அடி வரைக்கும் போச்சா?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். வெயிட்டட் கட்டை அசைய ஆரம்பித்ததும் தானாக அடி வரை இறங்கியது. செமி வெயிட்டட் கட்டை பாதியில் நின்றுவிட்டது. இன்னும் காசு வைத்தால்தான் மேலும் இறங்கியது.

"அதுதான் விஷயம்" என்றார் டீச்சர். வாசலைக் காட்டினார். "எங்க வீட்டுத் தேக்குக் கதவைத் தள்ளிப் பாருங்க. ஆரம்பத்துல கனமா இருக்கும், நகர்ந்துட்டா தானே போகும். ஆஸ்பத்திரியில ஸ்பிரிங் போட்ட கதவு இருக்குமே, அது ஆரம்பத்துல லேசு. தள்ளத் தள்ள உங்களைத் திருப்பித் தள்ளும். பியானோ தேக்குக் கதவு. உங்க பழைய கீபோர்டு ஸ்பிரிங் கதவு."

இதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சின்ன சுத்தியல் எழும்பிப் போய்க் கம்பியைத் தட்டுகிறது. அந்தச் சுத்தியலை வீசி எறிகிற வேலைதான் விரலுக்கு. மெதுவாகத் தள்ளினால் சுத்தியல் கம்பியைத் தொடாமலே திரும்பி விடும். என் மகளுக்கு நடந்தது இதுதான். நாணயம் அளப்பது கட்டை அசைவதற்கான எடையை. விரல் உணர்வது சுத்தியலை வேகமாகக் கிளப்புவதற்கான பாரத்தை. ஊஞ்சலை மெல்லத் தள்ள சின்னக் குழந்தையால் முடியும். சட்டென்று உயரத்துக்குத் தள்ளப் பெரியவர் வேண்டும், அப்படி.

வெயிட்டட் என்று விற்கிற டிஜிட்டல் பியானோக்களில் கம்பி கிடையாது. ஆனால் ஒவ்வொரு கட்டைக்கும் உள்ளே ஒரு குட்டிச் சுத்தியல் போன்ற பாரம் அசைகிறது. இடது பக்கத்துக் கட்டைகள் சற்றுக் கனமாகவும், வலது பக்கம் போகப் போக லேசாகவும் வைத்திருப்பதும் உண்டு. நிஜப் பியானோவில் கீழ் ஸ்வரங்களின் சுத்தியல் பெரிது, அதனால். என் மகளுக்கு இடது கை ஏன் மோசமாகப் போனது என்று அப்போதுதான் புரிந்தது. செமி வெயிட்டட் என்றால் ஸ்பிரிங்கோடு கட்டைக்கும் கொஞ்சம் எடை சேர்த்திருப்பார்கள். சாதாரணக் கீபோர்டில் ஸ்பிரிங் மட்டும்தான்.

இன்னொரு வார்த்தை எல்லோரையும் ஏமாற்றும். 'டச் சென்சிட்டிவ்.' எங்கள் பழைய கீபோர்டு பெட்டியிலும் அது அச்சடித்திருந்தது. நான் அதைத்தான் வெயிட்டட் என்று நினைத்திருந்தேன். மெல்ல அழுத்தினால் மெல்லிய சத்தம், வேகமாக அழுத்தினால் பெரிய சத்தம், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். கட்டை கனமா, லேசா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கடையில் இந்த இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

சுமார் 1700-ல் இத்தாலியில் பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி என்பவர்தான் இந்தச் சுத்தியல் முறையைக் கண்டுபிடித்தாராம். அதற்கு முன்னால் இருந்த ஹார்ப்சிகார்டு வாத்தியத்தில் எப்படி அழுத்தினாலும் ஏறக்குறைய ஒரே சத்தம். இவர் செய்ததில் விரல் மெல்லப் போனால் மெல்ல, ஓங்கிப் போனால் ஓங்கி. 'பியானோ' என்றால் மெல்ல, 'ஃபோர்டே' என்றால் பலமாக. பெயரே அதுதான். எனக்கு உடனே என் ஆர்மோனியம் ஞாபகம் வந்தது. அதில் கட்டையை எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் சத்தம் கூடாது. துருத்திதான் கூட்டும், குறைக்கும். அதனால்தான் டீச்சர் வீட்டுப் பியானோவில் என் விரல்கள் பொம்மை விரல்கள் மாதிரி ஆகிவிட்டன. இரண்டு நிமிஷத்தில் சுண்டு விரல் வலித்தது.

சரி, மகளுக்கு வெயிட்டட் என்று முடிவாயிற்று. மகன் முகம் சுருங்கிவிட்டது. "எனக்கு ஒண்ணும் வேண்டாம்மா. எல்லாம் அவளுக்கே வாங்குங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மாமியார் வேறு, "அவன் ஆம்பளப் புள்ள, நாளைக்கு அதுலயே சம்பாதிச்சாலும் சம்பாதிப்பான். ஏட்டி, நீ கொஞ்சம் விட்டுக் குடேன்" என்று பேத்தியிடம் சொல்ல, அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தாங்கவில்லை. ஆர்மோனியத்தை மூடி வைத்தபோது நானும் யாரையோ அப்படித்தான் பார்த்திருப்பேன்.

"அத்தை, விட்டுக் கொடுக்கிறது யாருன்னு இப்பவே முடிவு பண்ண வேண்டாம்" என்று மட்டும் சொன்னேன். என்னவர் பேப்பரை மடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். இந்த மாதிரி நேரத்தில் ஆண்களுக்குக் கடைக்குப் போகிற வேலை வந்துவிடும்.

வழி கண்டுபிடித்தது மகன்தான், அதையும் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் ராத்திரி, "அம்மா, டிஜிட்டல் பியானோவில் யுஎஸ்பி ஒயர் மாட்டற இடம் இருந்தா அதையே லேப்டாப்போட சேர்த்து நானும் வாசிக்கலாம். ஆனா நான் கேட்டது மிடி கீபோர்டு. அதுக்கு சொந்தமா சத்தம் கிடையாது. கம்ப்யூட்டர் இல்லாட்டி அது பேசாது. அவளுக்கு அது சரிப்படாது" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மதுரைக் கடையில் 'இரண்டுக்கும் நடுவில்' என்று காட்டிய 88 கட்டை செமி வெயிட்டட் அந்த வகைதான்! வாங்கியிருந்தால் மகள் தினமும் அண்ணன் லேப்டாப்புக்காகக் காத்துக் கிடந்திருப்பாள்.

மறுபடியும் மதுரை. இந்தத் தடவை நாணயம் இல்லை. டீச்சர் சொல்லிக் கொடுத்தபடி மகளை உட்கார வைத்து, ஒரே கட்டையை ரொம்ப மெல்ல, பிறகு மெல்ல, பிறகு பலமாக, ஒவ்வொரு பியானோவிலும் வாசிக்கச் சொன்னோம். யமஹா பி-145, ரோலண்ட் எஃப்பி-10, காஸியோ சிடிபி-எஸ்110 இந்த மூன்றையும் பார்த்தோம். மூன்றுமே 88 கட்டை, சுத்தியல் முறை, யுஎஸ்பி உள்ளவை. எதை வாங்கினோம் என்று எழுதவில்லை. என் மகள் விரலுக்குப் பிடித்தது உங்கள் மகள் விரலுக்குப் பிடிக்க வேண்டும் என்று இல்லை. எடை சுமார் 11 கிலோ. நீளம் நாலேகால் அடிக்கு மேல். பீரோவை நகர்த்தித்தான் இடம் செய்தோம். வாங்கும் முன் சுவரை அளந்துகொள்ளுங்கள். ஸ்டாண்டும் நல்ல பெடலும் தனிச் செலவு. அதையும் சேர்த்ததில் சீட்டுப் பணத்தில் மிச்சம் இருநூற்றுச் சொச்சம்.

முதல் மாதம் கொடுமை. பழைய பாட்டைக்கூட அவளால் வேகமாக வாசிக்க முடியவில்லை. "பழசே நல்லா இருந்துச்சு" என்று முரண்டு பிடித்தாள். டீச்சர் ஒரு நாளைக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் விடவில்லை. கை வலித்தால் நிறுத்து, வலியோடு வாசிக்காதே என்று கண்டிப்பு. மூன்றாம் மாதம் வாக்கில் மோதிர விரல் பேச ஆரம்பித்தது.

செமி வெயிட்டட்டும் லேசான கட்டையும் மட்டம் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். மகன் புதுப் பியானோவில் லேப்டாப்பை மாட்டி வாசித்துப் பார்த்துவிட்டு, "பியானோ பகுதி சூப்பர்மா. ஆனா டிரம்ஸ் தட்ட, வேகமான டியூன் போட, கை ஓயுது. ஸ்வரத்தை வளைக்கச் சக்கரமும் இதுல இல்லை" என்றான். உண்மைதான். கர்நாடக சங்கீதத்தைக் கீபோர்டில் மேடையேற்றிய கீபோர்டு சத்யநாராயணன் மாதிரிக் கலைஞர்களுக்குக் கமகம்தானே உயிர். ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் குழையும் அந்த ஒலிக்கு இடது பக்கத்துச் சக்கரம் வேண்டும். சுத்தியலின் பாரத்தால் அதில் பிரயோஜனம் இல்லை. ஆர்கன் ஒலியில் சர்ச் பாட்டு வாசிப்பவர்கள், கச்சேரி கச்சேரியாகத் தூக்கிக்கொண்டு அலைபவர்கள், விரல் மூட்டு வலி உள்ளவர்கள், இவர்களுக்கெல்லாம் லேசான கட்டைதான் சுகம். செமி வெயிட்டட் நடுவில் நின்று சமாளிக்கும். பியானோவே படிக்க வந்த குழந்தைக்கு மட்டும் அது அரைவேக்காடு என்பது என் அபிப்பிராயம். மகன் பிறகு கல்யாண வீட்டுக் கச்சேரிகளில் வாசித்த காசில், கைப்பைக்குள் அடங்குகிற 25 கட்டை மிடி கீபோர்டு ஒன்று வாங்கிக்கொண்டான். இப்போது இருவருக்கும் சண்டை ஒயருக்கு மட்டும்தான்.

பழைய 61 கட்டைக் கீபோர்டு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். விற்றால் மூவாயிரம் தேறும் என்றார் என்னவர். நான் கொடுக்கவில்லை. பழைய காட்டன் புடவை ஒன்றை மடித்துத் தைத்து உறை போட்டு வைத்திருக்கிறேன். மத்தியானம் மூன்று மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்து, மாமியார் கண் அசரும் நேரத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காருவேன். ஆர்மோனியத்துக்குப் பழகின என் விரலுக்கு அந்த லேசான கட்டை ரொம்பப் பொருத்தம். சரளி வரிசையிலிருந்து மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். மாமியார் ஒரு நாள் விழித்துப் பார்த்துவிட்டு, "சத்தமே வராம என்னத்த வாசிக்கே?" என்றார். ஹெட்போனை அவர் காதில் வைத்தேன். அன்றிலிருந்து மூன்று மணிக்கு அவர் தூங்குவதில்லை.

போன மாதம் அதே பள்ளி ஹாலில் டீச்சர் ஒரு சின்ன நிகழ்ச்சி வைத்தார். அதே மரப் பியானோ. என் மகள் வாசித்தாள். நான் பாட்டைக் கேட்கவில்லை, இடது கை மோதிர விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஸ்வரம்கூட விழவில்லை. தேர்வு இனிமேல்தான், பெயர் கொடுத்திருக்கிறோம்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மாடி வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க. ஹெட்போன் போட்டாலும் சுத்தியல் கட்டை அடியில் இடிக்கிற சத்தம் தரை வழியாகக் கீழே போகும். எங்கள் கீழ்வீட்டு மாமி ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ராத்திரி பத்து மணிக்கு என்னம்மா அம்மி கொத்தறீங்க?" என்று மேலே ஏறி வந்துவிட்டார். ஸ்டாண்டுக்கு அடியில் ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போட்ட பிறகு குறைந்திருக்கிறது. இப்போது ஒரு நாள் சத்தம் கேட்காவிட்டால், "பொண்ணுக்கு உடம்பு சரியில்லையா?" என்று அவரே கேட்கிறார்.

- ஒரு வாசகி, பாளையங்கோட்டை